பயத்தின் வரிசை

2020 மார்ச்சில் ஐ.சி.எம்.ஆர். சுகாதாரப் பணியாளர்களுக்கு, கொரோனா வராமலிருக்க, ஹைட்ராக்சிகுளோரோகுயினைச் சிபாரிசு செய்தது. பயந்துபோன மற்றவர்களும் வாங்கிச் சேர்த்தார்கள். முடக்குவாதக்காரர்கள் வருஷக்கணக்காய் விழுங்கிவந்த மாத்திரை அது. அருப்புக்கோட்டைத் தறியில் அறுந்த இழையை முடியும் ஒருத்திக்கு விடியலில் விரல் மடங்காது. அந்த வலி பழகியது. கடைக்காரர் கைவிரித்தபோது வந்த பயம் பழகாதது, தூங்கவிடவில்லை.

சேர்த்தவனும் பயந்தவன்தான். ஆனால் அவன் பயந்தது வரக்கூடிய நோய்க்கு. இவள், வந்துவிட்ட நோய்க்கு. கொரோனாவுக்கு அம்மாத்திரை பயன்படவில்லை என்று பிறகு சோதனைகளில் தெரிந்தது. பயன்பட்டிருந்தால் மட்டும் நியாயமாகிவிடுமா?

'உடம்புதானே, பொறுத்துக்கொள்' என்றார்கள். பக்கத்துத் திருச்சுழியில் 1879இல் பிறந்த ரமணர், முழங்கால் வாதத்தோடே, உடம்பு நானல்ல என்றிருந்தார். அது அவருடைய உடம்பு. அடுத்தவர் உடம்பைப் பற்றி அப்படிச் சொல்ல நமக்கு உரிமையில்லை.