முத்திரைக் கல்

சீடன்: ஐயா, மனிதரின் தயவைத் தேடினால் கிறிஸ்துவுக்கு ஊழியம் செய்ய முடியாது என்கிறார் பவுல், கலாத்தியருக்கு எழுதும்போது. கொரிந்தியருக்கு எழுதும்போதோ, தாம் எல்லாருக்கும் பிரியமாய் நடப்பதாகச் சொல்கிறார். எதைப் பிடித்துக்கொள்வது?

குரு: இரண்டையும்தான். கொரிந்துவில் பிறருடைய இரட்சிப்புக்காக இறங்கிப் போகிறார். கலாத்தியாவில் தம் பெயருக்காகச் சுவிசேஷத்தை வளைக்க மறுக்கிறார். இதில் சிக்கல் ஒன்றுமில்லை, தம்பி. மேலே கேள்.

சீடன்: போதகருக்குச் சம்பளம் போடுவது சபை. அவரை மாற்றச் சொல்லி மனுக் கொடுப்பதும் அதே சபைதான். அவர்கள் முகம் கோணாமல் எப்படிப் பிரசங்கம் செய்வது?

குரு: கோணட்டும். இயேசுவை விசுவாசித்த அதிகாரிகள் பலர், ஜெப ஆலயத்தைவிட்டுத் தள்ளிவிடுவார்கள் என்று பயந்து வாய் திறக்காமல் இருந்ததை யோவான் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பட்டியலில் நீ சேராதே.

சீடன்: என் உண்மையான சந்தேகம் வேறு, ஐயா. ‘யார் என்ன சொன்னால் என்ன, தேவன் அறிவார்’ என்று பேசுகிறவர்களைப் பார்க்கிறேன். புத்தி சொன்னால் ஏற்பதில்லை. காணிக்கைக் கணக்கைக் கேட்டால், ‘கர்த்தருக்கு மட்டுமே கணக்குக் கொடுப்பேன்’ என்கிறார்கள். நானும் அப்படி ஆகிவிட்டால்? தேவனுடைய அங்கீகாரம் என்று நான் நம்புவது வெறும் என் பிடிவாதமாகவே இருந்தால்?

குரு: இந்தக் கேள்வியோடு நானும் வெகுகாலம் மல்லுக்கட்டியிருக்கிறேன். அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

பழைய மளிகைக் கடையின் இரும்பு எடைக்கல்லைக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறாயா? ஒரு குழி இருக்கும். குழியில் ஈயம், ஈயத்தின்மேல் அரசு முத்திரை. எடை குறைந்தால் ஈயத்தைச் சேர்த்துச் சரிசெய்து, அதன்மேல் முத்திரை அடிப்பார்கள். கடையில் கூட்டம் அலைமோதுவதை வைத்து ‘கல் சரியானது’ என்று எந்த அதிகாரியும் ஒப்புக்கொள்வதில்லை. அது எல்லாருக்கும் தெரியும். ‘என் மனசாட்சிப்படி இது ஒரு கிலோதான்’ என்று கடைக்காரர் சத்தியம் செய்தாலும் கல் சரியாகிவிடாது. இதைத்தான் நீ சொல்லும் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். புழங்கப் புழங்கக் கல் தேயும். தேய்ந்த கல்லுக்குத் தான் தேய்ந்தது தெரியாது.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 4ஆம் அதிகாரத்தைப் பார். மனிதர் தம்மைப் பற்றிச் சொல்லும் தீர்ப்பு தமக்கு மிக அற்பமானது என்கிறார் பவுல். அத்தோடு நிறுத்தியிருந்தால் பிடிவாதக்காரருக்கு வசதியாகப் போயிருக்கும். அவர் நிறுத்தவில்லை. தம்மைத் தாமே தீர்ப்பதும் இல்லை என்கிறார். மனசாட்சி உறுத்தவில்லை என்பதால் மட்டும் தாம் நீதிமான் ஆகிவிடவில்லை என்கிறார். ஆக, கொரிந்து சபை தரும் நற்சான்றும் பவுல் தமக்குத் தாமே தரும் நற்சான்றும் அவருக்கு ஒரே தரம்தான். இரண்டும் முத்திரை இல்லாத கற்கள். கர்த்தர் வரும்வரை தீர்ப்பு நிலுவையில் இருக்கிறது. தேவனுடைய அங்கீகாரத்தைத் தேடுகிறவன், அது தனக்குக் கிடைத்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை முதலில் விடவேண்டும். நமக்கு மிக அருகில் உட்கார்ந்து கைதட்டும் மனிதன் நாமேதான்.

மலைப்பிரசங்கத்தில் தர்மம் பற்றி இயேசு சொன்னதும் இந்த ஆழத்துக்குப் போகிறது. வலதுகை கொடுப்பதை இடதுகை அறியக்கூடாது. அந்த இடதுகை கொடுத்தவனுடையதே அல்லவா? நம் ஆலயங்களில் மின்விசிறியின் இறக்கைமேல் ‘உபயம்’ என்று பெயர் எழுதுகிறோம். மனிதர் பார்க்கவேண்டும் என்றுதான் அது எழுதப்படுகிறது. ஆனால் பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தவரும், ‘இது நான் கொடுத்தது’ என்று ஆராதனை முழுவதும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். புகழை வெறுக்கிறேன் என்று பெருமைப்படுவதும் புகழ் ஆசையே என்பதைப் பரிசுத்த அகுஸ்தீன் தம் ‘அறிக்கைகள்’ நூலின் 10ஆம் புத்தகத்தில் தம் நெஞ்சையே கிளறிக் காட்டியிருக்கிறார்.

வடக்கன்குளத்தை நினைத்துப் பார். தேவசகாயம் பிள்ளை 1745இல் ஞானஸ்நானம் பெற்ற ஊர். விசுவாசத்துக்காக அரண்மனையின் தயவை இழந்து உயிரையும் கொடுத்தவர் அவர். அதே ஊரில் 1872இல் கட்டிய ஆலயத்தில், பீடத்தில் சந்திக்கும் இரண்டு கூடங்கள் இருந்தன, நடுவே சுவர். ஒரு பக்கம் வெள்ளாளர், மறுபக்கம் நாடாரும் மற்றவரும். அந்தச் சுவருக்கு இருபுறமும் முழங்காலிட்டவர்கள் ஒரே பீடத்தைப் பார்த்தே ஜெபித்தார்கள். 1910இல் சுவர் இடிக்கப்பட்டபோது, சுவர் வேண்டும் என்றவர்கள் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். அவர்கள் மனசாட்சி குத்தியிருந்தால் வழக்குப் போட்டிருப்பார்களா? சுவர் யாரை ஒதுக்கியதோ, அவர்களிடம் கேட்டிருந்தால் கல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஒரு நொடியில் சொல்லியிருப்பார்கள். அதனால், நம் பக்தியின் பாரம் யார் தலையில் விழுகிறதோ, அவர்கள் வாய்ச்சொல்லைக் கேட்கிறோமா என்பதை நான் பெரிய சோதனையாக வைத்திருக்கிறேன்.

சவுல் ராஜா ஜனங்களுக்குப் பயந்து கட்டளையை மீறினார். சாமுவேல் கண்டித்த பிறகும், மூப்பருக்கு முன்பாகத் தம்மைக் கனம்பண்ணும்படி கெஞ்சினார். தாவீதின் பாவம் சிறியதல்ல. ஆனால் நாத்தான் விரலை நீட்டியபோது, மானத்தைக் காப்பாற்றச் சொல்லி அவர் மன்றாடவில்லை. பாவம் செய்தேன் என்றார். மனிதர் புகழ் தேவைப்படாதவனுக்குத்தான் மனிதர் கண்டிப்பைக் கேட்கக் காது இருக்கும்.

கணக்கு விஷயத்துக்கு வருகிறேன். எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையைப் பவுல் தனியாகச் சுமந்துபோகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரைக் கூட வைத்துக்கொண்டார். கர்த்தருக்கு முன்பு மட்டுமல்ல, மனிதருக்கு முன்பும் காரியம் நேர்மையாக இருக்கவேண்டும் என்று காரணமும் எழுதியிருக்கிறார். கர்த்தருக்கு மட்டுமே கணக்குக் கொடுப்பேன் என்கிறவரிடம், கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் 8ஆம் அதிகாரத்தைத் திறந்து வாசித்துக் காட்டு. பிறகு கணக்குப் புத்தகத்தைக் கேள்.