இழந்த மார்பும் முழுமை என்னும் கேள்வியும்

மதுரையின் தொன்மங்களில் பெண்ணின் மார்பு இருமுறை கதையின் நடுவே வந்து நிற்கிறது. மலயத்துவச பாண்டியனின் வேள்வித்தீயில் மூன்று கொங்கைகளுடன் தோன்றிய தடாதகைப் பிராட்டி, கயிலையில் சிவபெருமானைக் கண்ட கணத்தில் மூன்றாவதை இழந்தாள் எனத் திருவிளையாடற் புராணம் கூறுகிறது. கண்ணகியோ தன் இடக் கொங்கையைத் திருகி மதுரை வீதியில் எறிந்து, அந்த இழப்போடேயே சேரநாட்டு வேங்கை மரத்தடியில் நின்று தெய்வமானாள். மதுரை மருதன் இளநாகனார் பாடிய நற்றிணைப் பாடலிலும், ஒரு மார்பை அறுத்த திருமாவுண்ணி என்பவள் வேங்கை மரத்தோடு சேர்த்தே நினைக்கப்படுகிறாள். இழந்தபின் ஒருத்தி மணமகளாகிறாள், மற்றொருத்தி வழிபடப்படுகிறாள். எனவே பெண்ணுடலின் முழுமையை உறுப்புகளின் எண்ணிக்கையால் அளக்க இம்மரபு இடந்தரவில்லை.

அப்படியானால், புற்றுநோயால் மார்பகம் அகற்றப்பட்டவள் அதை மீண்டும் உருவாக்கிக்கொள்ள விரும்புவது அறியாமையா என்ற கேள்வி எழுகிறது. இதற்கு விடை தேடுமுன், அச்சிகிச்சை உடலில் எதைச் செய்கிறது என்பதை அறிவது நல்லது. முதுகின் கீழ்ப்பகுதியிலிருந்து மேற்கை எலும்பு வரை விரிந்திருக்கும் லாட்டிஸ்ஸிமஸ் டார்சி என்னும் அகன்ற தசையை, அதற்குக் குருதி தரும் நாளத்தை அறுக்காமல், அக்குளின் வழியே முன்புறம் கொண்டுவந்து மார்பில் அமைப்பது அச்சிகிச்சையின் முறைகளுள் ஒன்று. இத்தாலிய அறுவை மருத்துவர் இஜினியோ டான்சினி 1896இல் விவரித்த இது, பல பத்தாண்டுகள் மறக்கப்பட்டிருந்து 1970களில் மீண்டும் வழக்கிற்கு வந்தது. குருதியோட்டம் உறுதியானது என்பதால் இடம்மாற்றிய தசை அழிந்துபோவது அரிது. கதிர்வீச்சால் நலிந்த மார்புக்கும் இது உயிருள்ள திசுவைக் கொண்டுவருகிறது.

ஆனால் உருவான மார்பகம் பழைய மார்பகம் அன்று. தொடக்க வாரங்களில் முதுகில் நீர் கோத்துக்கொள்வதும் அதை ஊசியால் உறிஞ்சி எடுக்க நேர்வதும் அடிக்கடி நிகழ்பவை. தசைக்குரிய நரம்பை வெட்டினால் நாளடைவில் தசை சுருங்குகிறது. விட்டுவைத்தால் கையை அசைக்கும்போது மார்பும் துடிக்கக்கூடும். தசை மட்டும் போதாதவிடத்து உள்ளே சிலிக்கோன் பை வைக்கப்படுகிறது. அதைச் சுற்றி உடல் எழுப்பும் உறை ஆண்டுகள் செல்ல இறுகலாம், பையை மாற்றவும் நேரலாம். மறுபக்க மார்பகம் வயதோடு தளர, பை தளராமலிருப்பதால் ஒப்புமை குறைகிறது. தொடுவுணர்வு பெரும்பாலும் பழையபடி திரும்புவதில்லை.

பிறவியில் பெற்ற உடலும் இவ்வாறு மாறிக்கொண்டேதான் இருக்கிறது. தனு, கரணம், புவனம், போகம், அதாவது உடல், உட்கருவிகள், உலகம், நுகர்ச்சி ஆகிய நான்கும் உயிர் பக்குவப்படுவதற்காக மாயையிலிருந்து தரப்பட்டவை என்பது சைவ சித்தாந்தம். கருவியென்று கருதியதனாலேயே உடலை அலட்சியப்படுத்தலாம் என்ற முடிவு இதிலிருந்து பிறக்காது; உடம்பை இழிவாகக் கருதியிருந்த திருமூலர், அதனுள் இறைவன் இருப்பதைக் கண்டபின் அதைப் பேணலானார். பின்னப்பட்ட, அதாவது சிதைந்த, திருவுருவை விலக்கும் ஆகம விதி கல்லுக்கும் உலோகத்துக்கும் உரியது; தழும்போடு சந்நிதியில் நிற்கும் அடியவளை அதைக் கொண்டு அளப்பது பெரும் பிழை.

ஆகவே மார்பகத்தை மீட்டுக்கொள்பவளை வீண் அழகில் மயங்கியவள் என்றோ, தட்டையான மார்போடு வாழ்பவளைக் குறையுற்றவள் என்றோ சொல்ல மரபில் ஆதாரமில்லை. அவள் உடல் எந்த வாழ்க்கைக்குக் கருவியாக இருக்கிறது என்பதே கேட்கத்தக்கது. இடம்பெயர்க்கப்படும் தசை, உயர்த்திய கையைக் கீழும் பின்னும் இழுப்பது. பிற தசைகள் அவ்வேலையை ஏற்றுக்கொள்வதால் பெரும்பாலோர் சில மாதங்களில் அன்றாட வேலைகளுக்குத் திரும்பினாலும், வலிந்து இழுக்கும் வேலைகளில் தளர்ச்சி எஞ்சக்கூடும். அலுவலக நாற்காலியில் அமர்பவளுக்கு இது சிறிதாகத் தோன்றலாம். மேலூர்ப் பக்கம் வயலில் களை பறித்து, கிணற்றில் நீர் இறைத்து, விறகு பிளப்பவளுக்கு அது கூலியையும் சோற்றையும் தொடும் செய்தி. அறுவைக்கு முன்பே, கணவரிடமோ மாமியாரிடமோ அன்றி அவளிடமே, அவள் மொழியில், மார்புக்குக் கிடைப்பதோடு தோள் இழக்கப்போவதையும் மருத்துவர் எடுத்துச் சொல்ல வேண்டும்.