இளம் உயிர்களைக் காப்பது யார் கடமை?

கிடைத்தற்கரிய மனிதப் பிறவியில், வாழ்வை எதிர்நோக்கி நிற்கும் பருவம் இளமை. கற்கவும் உழைக்கவும் கனவு காணவும் உரிய அப்பருவத்தில் ஒருவர் 'இனி வாழ்ந்து பயனில்லை' என்ற எண்ணத்திற்கு ஆளாவது அவரது குடும்பத்தின் துயரம் மட்டுமன்று. சமுதாயம் முழுமையும் விடை கூற வேண்டிய கேள்வியுமாகும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். அவர்களுள் மாணவர்கள் 13,044 பேர். அதாவது, நாளொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 36 மாணவர்கள். ஒரு வகுப்பறையை நிரப்பும் எண்ணிக்கை.

துயரம் நிகழ்ந்த பின்னர் பல வேளைகளில் ஓர் உண்மை புலப்படுகிறது. மாணவனின் கவனம் சிதறியிருந்ததை ஆசிரியர் கண்டிருக்கிறார். அவன் உறங்காததை விடுதித் தோழன் அறிந்திருக்கிறான். குரலில் இருந்த மாற்றத்தைத் தாய் உணர்ந்திருக்கிறார். ஒவ்வொருவரிடமும் ஒரு பகுதி இருந்தது. முழுமை எவரிடமும் இல்லை. இதை எண்ணி எவரும் தம்மைத் தாமே குற்றவாளியாக்கிக் கொள்ள வேண்டியதில்லை. எந்த அறிகுறியும் வெளியே தெரியாமல் போவதும் உண்டு. ஆயினும் அறிந்துகொள்ளும் கடமை யாருடையது, அறிந்தபின் செய்ய வேண்டியது யாது என்ற கேள்விகள் நிற்கவே செய்கின்றன.

குற்றமா, துன்பமா?

தற்கொலை எண்ணத்தைக் கோழைத்தனம் என்றும் பாவம் என்றும் கடிந்துரைப்பது நெடுங்கால வழக்கம். கடிந்துரைப்போரின் நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் விளைவு வேறு. அந்த எண்ணத்தால் அலைக்கழிக்கப்படும் இளைஞர் இச்சொற்களைக் கேட்டதும் தமது துன்பத்தோடு வெட்கத்தையும் சேர்த்துச் சுமக்கிறார், வாயை மூடிக்கொள்கிறார்.

அந்நிலையில் மனம் மிகவும் குறுகிவிடுகிறது என்பதே மனநல மருத்துவர்கள் கூறுவது. பல வழிகள் இருந்தும் ஒன்றும் இல்லாததுபோல் தோன்றுகிறது. அவர் வேண்டுவது பெரும்பாலும் வேதனையின் முடிவையே. வாழும் விருப்பமும் சாகும் எண்ணமும் ஒரே நெஞ்சில் போராடுகின்றன. வேகம் மிகுந்த அந்த நேரம் கடந்து போகக் கூடியது. அதைக் கடக்கும்வரை ஒருவர் உடனிருந்தால் வாழும் விருப்பம் வலுப்பெறுகிறது.

சட்டமும் இவ்வுண்மையை ஏற்றுக்கொண்டுள்ளது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும் என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பதை அரசின் கடமையாக்குகிறது. தண்டிக்கும் இடத்திலிருந்து தாங்கும் இடத்திற்குச் சட்டமே நகர்ந்துவிட்டபின், வீடுகளும் கல்விக்கூடங்களும் பின்தங்கி நிற்பது முறையன்று.

குருக்ஷேத்திரத்தில் வீரருள் வீரனான அருச்சுனனும் சோர்ந்து அமர்ந்தான். அந்தச் சோர்வே கீதையின் முதல் அத்தியாயத்திற்குப் பெயராகவும் அமைந்தது. மனம் தளர்வது இழிவன்று. அவன் தன் தளர்ச்சியை மறைக்காமல் சொல்ல, அருகிலேயே ஒருவர் இருந்தார். இன்றைய இளைஞருக்கு அப்படி ஒருவர் இருக்கிறாரா என்பதே கேள்வி.

கேட்பது தவறாகுமா?

'இல்லாத எண்ணத்தை நாமே தூண்டிவிட்டதாகிவிடுமோ' என்ற அச்சம் பெற்றோரையும் ஆசிரியரையும் தடுக்கிறது. இவ்வச்சம் ஆராயப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த 2,342 மாணவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2005-இல் வெளியாயிற்று. தற்கொலை எண்ணம் பற்றி வினவப்பட்டவர்களுக்கு, வினவப்படாதவர்களைவிட மனக்கலக்கமோ அத்தகைய எண்ணமோ அதிகரிக்கவில்லை. கேள்வி எண்ணத்தை விதைப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் எண்ணத்திற்குச் சொல்வதற்கு ஒரு வாய்ப்பைத் தருகிறது. ஆகவே அன்போடும் தனிமையிலும் நேராகக் கேட்பது பிறர் அந்தரங்கத்தில் தலையிடுவது ஆகாது.

பயிற்சி கற்றுத் தருவது

கேட்கத் துணிவு மட்டும் போதாது. முறையும் தெரிய வேண்டும். ஆசிரியர்கள், விடுதிக் காப்பாளர்கள், அலுவலர்கள், மாணவர்கள் ஆகியோருக்கு அளிக்கப்படும் பயிற்சிகளின் உட்பொருள் எளியது. முதலாவது, அறிகுறிகளை அறிதல்: நண்பர்களை விட்டு விலகுதல், உறக்கமும் உணவும் மாறுதல், விருப்பமான பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல், 'நான் எல்லோருக்கும் பாரம்' என்பது போன்ற பேச்சு. இரண்டாவது, குறுக்கிடாமல் கேட்டல். 'உனக்கென்ன குறை?', 'உன்னைவிடக் கஷ்டப்படுபவர்கள் இல்லையா?' என்ற சொற்கள் பேச்சை அங்கேயே முடித்துவிடும். 'உன் துன்பம் எனக்குப் புரிகிறது. நீ தனியாக இல்லை' என்ற சொற்கள் கதவைத் திறக்கும். மூன்றாவது, தகுதியுள்ளவரிடம் சேர்ப்பித்தல். பயிற்சி பெற்ற ஆசிரியர் மருத்துவராகிவிடுவதில்லை. மருத்துவரிடம் கைபிடித்து அழைத்துச் செல்பவராகிறார்.

இங்கே ஓர் அறச்சிக்கலும் உண்டு. 'யாரிடமும் சொல்லாதே' என்று தோழன் சத்தியம் வாங்கிக்கொண்டால் என்ன செய்வது? உயிருக்கு ஆபத்து என்னும்போது அந்த வாக்கைக் காப்பதைவிட உயிரைக் காப்பதே உயர்ந்த தர்மம். அத்தகைய வாக்கைத் தொடக்கத்திலேயே தராமலிருப்பது இன்னும் நல்லது.

சோதனையும் அதன் நெறியும்

மற்றொரு வழி, வினாத்தாள் மூலம் மாணவர்களின் மனநிலையை முன்கூட்டிக் கண்டறிதல். பரவலாகப் பயன்படும் 'பி.எச்.க்யூ-9' என்னும் தாளில் கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய ஒன்பது கேள்விகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. ஒன்பதாவது கேள்வி, தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம், இறந்துவிடலாம் என்னும் எண்ணம் ஆகியவற்றைப் பற்றியது. வெளியே சிரித்துப் பழகும் மாணவரின் உள்வேதனை இத்தகைய தாளில் வெளிப்படக் கூடும்.

ஆனால் மதிப்பெண் நோயின் தீர்ப்பன்று. மேலும் விசாரிக்க வேண்டும் என்பதற்கான அறிகுறியே. அந்தத் தாள் தேர்வு மதிப்பெண்களைப் போல் ஆசிரியர் அறையில் பலர் கையில் புரளுமானால், அது மாணவர்க்கு இழைக்கும் தீங்கு. 'இவன் மனநோயாளி' என்ற முத்திரைக்கு அது வழிவகுக்குமானால், அடுத்த முறை எவரும் உண்மை எழுதமாட்டார்கள். மாணவரின் ஒப்புதல், இளையோராயின் பெற்றோரின் ஒப்புதல், இரகசியம் ஆகியவை இன்றியமையாதவை. அவற்றினும் முக்கியமானது, துன்பம் கண்டறியப்பட்ட அன்றே உதவி கிடைப்பது. உதவிக்கு ஏற்பாடின்றிச் சோதனை நடத்துவது, தாகத்தோடு இருப்பவரிடம் 'தாகமா?' என்று கேட்டுவிட்டு நகர்ந்து செல்வதற்கு ஒப்பாகும்.

ஆய்வுகள் காட்டும் உண்மை

ஐரோப்பாவின் 10 நாடுகளில், 168 பள்ளிகளைச் சேர்ந்த 11,110 மாணவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2015-இல் வெளியாயிற்று. ஒரு பிரிவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. இன்னொன்றில் வல்லுநர்கள் நடத்திய சோதனை. மூன்றாவதில் மாணவர்களுக்கே நேரடி வகுப்பு. நான்கு வாரங்களில் மொத்தம் ஐந்து மணி நேரம் அவர்கள் தம் மனநலத்தைப் பற்றிக் கலந்துரையாடினர்; வாழ்க்கைச் சூழல்களை நடித்துப் பார்த்தனர். ஓராண்டுக்குப் பின், இந்த மூன்றாவது பிரிவில் மட்டும் புதிய தற்கொலை முயற்சிகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. முதல் இரண்டு வழிகளும் தனித்து நின்று குறிப்பிடத்தக்க மாற்றத்தைத் தரவில்லை.

நமது நாட்டிலும் பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 பள்ளிகளில் ஓர் ஆய்வு நடைபெற்றது. அதன் முடிவு 2018-இல் வெளியாயிற்று. இதற்கென்றே பயிற்சி பெற்ற, மருத்துவரல்லாத ஆலோசகர்கள் பணியாற்றிய பள்ளிகளில் மனச்சோர்வும் மாணவரிடையே வன்முறையும் குறைந்தன, பள்ளிச்சூழலே மேம்பட்டது. அதே பணியை ஆசிரியர்களிடம் ஒப்படைத்த பள்ளிகளில் அந்தப் பயன் காணப்படவில்லை. ஆசிரியர்களுக்கு அன்பு குறைவு என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. பாடம், தேர்வு, பதிவேடு என்று நிறைந்திருக்கும் கைகளில் இன்னொரு பொறுப்பை வைப்பது எளிது. அதற்குரிய நேரத்தை அளிப்பது அரிது.

இவ்விரண்டு ஆய்வுகளும் உணர்த்துவது ஒன்றே. இளைஞர்களைக் கண்காணிக்கப்பட வேண்டியவர்களாக மட்டும் கருதலாகாது. தம்மையும் தம் தோழரையும் காக்கவல்லவர்களாக அவர்களை மதிக்க வேண்டும். அவர்களுக்குத் துணையாக, நேரமும் பயிற்சியும் உடைய ஒருவரை நியமிக்கவும் வேண்டும்.

நிறுவனத்தின் கடமை

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் உள்ள பள்ளிகள், கல்லூரிகள், பயிற்சி மையங்கள், விடுதிகள் ஆகியவற்றுக்கு வழிகாட்டு நெறிகளை வகுத்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் நிறுவனம் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும். ஊழியர் அனைவருக்கும் ஆண்டுக்கு இருமுறையேனும் பயிற்சி அளிக்க வேண்டும். மதிப்பெண் அடிப்படையில் மாணவர்களைப் பிரித்து அமர்த்துவதையும், பலர் முன்னிலையில் அவமானப்படுத்துவதையும் தவிர்க்க வேண்டும்.

இறுதியாகக் கூறப்பட்டது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. சுமையை ஏற்றிக்கொண்டே 'தாங்கக் கற்றுக்கொள்' என்று பயிற்சி அளிப்பது அறமாகாது. குறைக்கத்தக்க சுமையை முதலில் குறைக்க வேண்டும். தமிழகத்தில் தேர்வில் தவறியவர்கள் ஓராண்டு காத்திருக்காமல் உடனடியாகத் துணைத்தேர்வு எழுத வழி செய்யப்பட்டது. ஒரு தோல்வி ஓராண்டு இழப்பாக நீளாமல் காத்த அந்தச் சிறிய நிர்வாக மாற்றம், எத்தனையோ அறிவுரைகளைவிட மேலான கருணை.

ஒவ்வொருவரும் செய்யத்தக்கது

பெற்றோர் தொலைபேசியில் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன் மனத்தைக் கேட்கலாம். 'நீ வென்றாலும் தோற்றாலும் இந்த வீடு உன்னுடையது' என்று வாய்விட்டுச் சொல்லலாம். சொல்லாமலே புரிந்திருக்கும் என்று எண்ணிவிடலாகாது. ஆசிரியர், சில நாட்களாக வராத மாணவரின் பெயரைச் சொல்லி விசாரிக்கலாம். தோழர்கள், தனித்து உண்பவரின் அருகே தட்டை எடுத்துச் சென்று அமரலாம்.

மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய 'டெலி மானஸ்' உதவி எண் 14416. தமிழ் உட்படப் பல மொழிகளில், இரவும் பகலும், கட்டணமின்றி ஆலோசனை கிடைக்கிறது. இந்த எண் ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும், விடுதிப் பலகையிலும், வீட்டு நாட்காட்டியிலும் எழுதப்பட வேண்டும். துன்பத்தில் இருப்பவர் மட்டுமன்றி, அவரைக் குறித்துக் கவலைப்படுபவரும் அதை அழைக்கலாம்.

காப்பது யார் கடமை என்ற கேள்விக்கு, அருகில் இருப்பவரின் கடமை என்பதே விடை. பயிற்சி அவரது கண்ணைத் திறக்கிறது. சோதனை அவர் காணத் தவறியதைக் காட்டுகிறது. சட்டம் அவருக்குப் பின்னால் நிற்கிறது. இவையனைத்தும் இருந்தும், 'எப்படி இருக்கிறாய்?' என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அருகிலேயே காத்திருக்கும் ஓர் உள்ளம் வேண்டும். அந்த உள்ளமாக இருக்க இன்றே ஒவ்வொருவரும் முன்வரலாம்.