வேடிக்கை பார்ப்பது

மோட்டார் வண்டி என்றால் எனக்குப் பித்து. வாங்கி ஓட்டும் பித்து அல்ல; அதற்கு வேண்டிய பணம் கதை எழுதிப் பிழைக்கிறவன் கையில் தங்குவதில்லை. பார்க்கிற பித்துத்தான். அதிலும் ஊரில் எல்லோரும் வைத்திருக்கும் வண்டிகள் என் கண்ணில் படுவதே இல்லை. கோணல்மாணலாக, 'இது எப்படி ஐயா ஓடுகிறது?' என்று நாலு பேர் நின்று கேட்கும்படியாக ஒன்று வந்துவிட்டால் போதும். கையிலிருக்கும் காய்கறிப் பையை மறந்து அதன் பின்னால் போய்விடுவேன். இதற்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். நேரில் கண்டவை, படித்து அறிந்தவை எல்லாம் அதில் உண்டு. எத்தனை சக்கரம், எஞ்சின் எங்கே, கதவு எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகக் குறித்திருப்பேன். என் மனைவி அதற்குப் 'பஞ்சாங்கம்' என்று பெயர் வைத்திருக்கிறாள்.

பஞ்சாங்கத்திலிருந்து இரண்டொன்று சொல்லுகிறேன். இத்தாலியில் ஐஸோ என்று ஒரு கம்பெனி, குளிர்ப்பெட்டியும் ஸ்கூட்டரும் செய்துகொண்டிருந்தது. 1953-இல் அது இஸெட்டா என்ற கார் ஒன்றைக் கொண்டுவந்தது. பார்த்தால் கோழிமுட்டைக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கும். குளிர்ப்பெட்டிக்காரர்களின் கைவேலை என்பது கதவைக் கண்டவுடன் விளங்கிவிடும். முன்பக்கம் முழுவதும் ஒரே கதவு. திறந்தால் ஸ்டீயரிங் சக்கரமும் கதவோடு வெளியே வந்து நமக்கு வழிவிடும். ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ கம்பெனி உரிமை வாங்கிக்கொண்டு, 1955 முதல் அதை ஒன்றரை லட்சத்துக்கு மேல் செய்து விற்றது.

இன்னொன்று, ஐல் ஆஃப் மேன் தீவில் 1962 முதல் 1965 வரை செய்த பீல் பி-50. ஒரே ஆள்தான் உட்காரலாம். நீளம் நாலரை அடி, எடை 59 கிலோ. பின்னோக்கிப் போக இதில் கியர் கிடையாது. அதற்குப் பதிலாகப் பின்பக்கத்தில் ஒரு கைப்பிடி. முட்டுச் சந்தில் மாட்டிக்கொண்டால் இறங்கிப் போய், கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி, வண்டியைத் திருப்பி வைத்துவிட்டு மறுபடியும் ஏறிக்கொள்ள வேண்டும். இதைப் படித்த அன்று வயிறு வலிக்கச் சிரித்தேன். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

ஆனால் என் செல்லப்பிள்ளை மெஸ்ஸர்ஷ்மிட் வண்டிதான். ஆம், யுத்தத்தில் சண்டை விமானம் செய்த அதே கம்பெனி. தோற்றுப்போன ஜெர்மனி விமானம் செய்யக் கூடாதென்று தடை இருந்தது. தொழிற்சாலை சும்மா கிடக்குமா? ரேகன்ஸ்பர்க் நகரில் 1953-இல் மூன்று சக்கர வண்டி ஒன்று பிறந்தது. 1955-இல் கே.ஆர். 200 என்ற இன்னும் நல்ல வண்டி வந்தது. ஒருவர் பின் ஒருவராக உட்கார வேண்டும். தலைக்கு மேல் கண்ணாடி போன்ற கவிகை. அதைப் பக்கவாட்டில் தூக்கிவிட்டு ஏறி, இறக்கி மூடிக்கொண்டால் இறக்கை முளைக்காத விமானம்தான். என்னைச் சொக்க வைத்தது அதன் பின்னடை. எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாவியை இன்னும் கொஞ்சம் உள்ளே அழுத்தித் திருப்பினால், எஞ்சின் எதிர்த் திசையில் சுற்றத் தொடங்கும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் ஆகையால் அதற்கு எந்தத் திசையும் சம்மதமே. ஆகவே முன்னால் போக நான்கு கியர் என்றால் பின்னால் போகவும் நான்கு! நாலாவது கியரில் பின்புறமாகப் பாயும் தைரியசாலி யாராவது இருந்திருப்பானா என்று படுக்கையில் படுத்தபடி யோசித்திருக்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு கல்யாணத்துக்காகத் திருச்சி போயிருந்தேன். பாலக்கரைப் பக்கம் டீக்கடை ஒன்றில் நிற்கும்போது எதிரே ஒரு வண்டி வந்து ஓரம் கட்டியது. நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். முன்பாதி பழைய ஸ்கூட்டர். பின்பாதி ஆட்டோ ரிக்ஷாவினுடையது. நடுவில் இரும்புக் குழாய்களை வளைத்து வெல்டிங் வைத்திருந்தார்கள். மேலே தார்ப்பாய்க் கூரை. இரண்டு ஸீட்டுகள். பிரேக் கையில். ஆட்டோவில் காலால் மிதிக்கிற பிரேக்கை எப்படிக் கைக்குக் கொண்டுவந்தார்கள் என்று குனிந்து பார்த்தேன். சுற்றி வந்து பார்த்தேன். நோட்டை எடுத்துப் படம்கூடப் போட ஆரம்பித்துவிட்டேன்.

"வண்டியைப் பாக்கிறீங்களா சார், இல்லே என்னையா?"

அப்பொழுதுதான் வண்டியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்கு உறைத்தது. நாற்பது வயது இருக்கும். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு கால்களும் சூம்பியிருந்தன. குரலில் கோபம் இல்லை. பலதடவை கேட்டுப் பழகிய கேள்வி என்று மட்டும் தெரிந்தது. நான் "மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்று உளறிவிட்டு, டீக்குக் காசு கொடுத்தேனோ இல்லையோ, நடையைக் கட்டிவிட்டேன்.

அன்று இரவு கல்யாணச் சத்திரத்தில் தூக்கம் வரவில்லை. கொசுவும் ஒரு காரணம்தான். பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். மெஸ்ஸர்ஷ்மிட் பக்கத்தில் என் கையெழுத்திலேயே ஒரு வரி இருந்தது. அந்த வண்டியை வகுத்த ஃபிரிட்ஸ் ஃபெண்ட் ஒரு விமானப் பொறியாளர். யுத்தத்தில் ஊனப்பட்டுத் திரும்பியவர்களுக்காக 1948-இல் அவர் ஒரு வண்டி செய்தார். கையால் தள்ளி இழுத்தால் ஓடும். பிறகு அதற்கு ஒரு சின்ன எஞ்சின் வைத்தார். கால் உள்ளவர்களும் 'எங்களுக்கும் ஒன்று' என்று கேட்டு வரவே, அதை இரண்டு பேர் போகும் வண்டியாக்க நினைத்து மெஸ்ஸர்ஷ்மிட் கம்பெனியிடம் போனார். இதை எழுதிவிட்டு, அடுத்த வரியில் எஞ்சின் 191 ஸி.ஸி. என்று குறித்திருக்கிறேன். இரண்டு வரிகளுக்கும் நடுவே என் பேனா ஒரு கணம்கூட நின்றதாகத் தெரியவில்லை.

இன்னும் சில பக்கம் தள்ளி, இங்கிலாந்தின் இன்வாகார். பெர்ட் கிரீவ்ஸ் என்பவர், நடக்க முடியாத தம் உறவினர் ஒருவரின் சக்கர நாற்காலிக்கு எஞ்சின் பூட்டியதில் ஆரம்பித்த கதை அது. யுத்தத்துக்குப் பிறகு அந்த வகை வண்டிகளை அரசாங்கமே ஊனமுற்றவர்களுக்குக் கொடுத்தது. நல்ல காரியந்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே வெளிர்நீலச் சாயம். தெருக்கோடியில் வரும்போதே உள்ளே இருப்பவர் எப்படிப்பட்டவர் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். ஒரே ஸீட்டு. வேறு ஒருவரை ஏற்றிக்கொள்ளக் கூடாது என்பது விதி. புருஷன் வண்டியில் போனால் பெண்டாட்டி பஸ்ஸுக்கு நிற்க வேண்டியதுதான். 2003 மார்ச் 31-ஆம் தேதியோடு அவை சாலைக்கு வரக் கூடாதென்று ஆகி, பெரும்பாலானவற்றை நசுக்கிவிட்டார்கள். தப்பிப் பிழைத்த சிலவற்றை என்னைப் போன்ற பித்தர்கள் தேடிப் பிடித்துத் துடைத்துப் பளபளக்க வைத்து ஓட்டி மகிழ்கிறார்கள். படத்தைப் பார்த்து நானும் மகிழ்ந்தவன்.

பீல் பி-50-இன் கைப்பிடி ஞாபகம் வந்தது. இறங்கித் தூக்கி வைக்கலாம், சிரிக்கலாம். இறங்க முடியாதவனுக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஒருவனுடைய கஷ்டத்துக்காகப் பிறந்த பொருளை இன்னொருவன் வேடிக்கை பார்த்துச் சந்தோஷப்படலாமா? கூடாது என்று சட்டென்று சொல்லிவிடலாம். சத்திரத்தில் அந்த நேரத்துக்கு எனக்கும் அப்படித்தான் தோன்றிற்று. அது மட்டுமா? கதை எழுதுகிறவனுக்கு இது புதுக் குற்றமும் அல்ல. சாவு வீட்டில் மூலையில் நின்றுகொண்டு, யார் எப்படி அழுகிறார்கள் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டிருக்கும் ஜாதி நாங்கள். நோட்டுப் புத்தகம் வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான்.

ஆனால் பார்க்காமல் இருப்பது மட்டும் என்ன மரியாதை? நம் வீடுகளில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம்: "அப்படிப் பார்க்காதே, தப்பு." குழந்தை தலையைத் திருப்பிக்கொள்ளும். நாமும் திருப்பிக்கொள்வோம். ஒரு தெருவே தலையைத் திருப்பிக்கொண்டால் நடுவில் போகிறவனுக்கு எப்படி இருக்கும்? டீக்கடையில் நான் செய்த இரண்டு காரியங்களில் எது மோசம் என்று எனக்கே விளங்கவில்லை. ஆளை மறந்து வண்டியைப் பார்த்ததா, ஆளைக் கண்டதும் ஓடியதா? ஃபெண்ட் அந்தக் கைவண்டியை முதன்முதலில் ஓட விட்ட அன்று முகம் சுளித்துக்கொண்டா இருந்திருப்பார்? குதித்திருக்க மாட்டாரா? ஒரு கஷ்டத்துக்கு வழி கண்டுபிடித்தால் மனிதனுக்கு ஆனந்தம் வருகிறது. அந்த ஆனந்தத்தைப் பார்த்து 'அடடே' என்று ஒருவன் வாய் பிளப்பது பாவமாகிவிடுமா?

மறுநாள் முகூர்த்தம் முடிந்ததும் மீண்டும் பாலக்கரைக்குப் போனேன். டீக்கடைக்கு அடுத்தாற்போல் அவருடைய கடை, செல்போன் பழுதுபார்க்கிறார். என்னைக் கண்டதும், "நேத்து ஓடிப் போயிட்டீங்களே!" என்றார்.

"தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்தேன்."

"எல்லாத்தையும் சுத்திச் சுத்திப் பாத்தீங்க. முக்கியமானதைக் கேக்கலையே சார்! ரிவர்ஸ் எப்படின்னு கேக்கலையே?"

பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் முன்பு வைத்திருந்தாராம். அதற்குப் பின்னடை கிடையாது. சந்துக்குள் போய்விட்டால், யாராவது வந்து பின்னுக்குத் தள்ளும்வரை காத்திருக்க வேண்டும். "ஒரு நாள் மழையிலே முக்கால் மணி நேரம் நின்னேன். அப்பத்தான் முடிவு பண்ணினேன்" என்றார். ஆட்டோவில் ரிவர்ஸ் உண்டு. ஆகவே ஆட்டோவின் பின்பாதி வேண்டும் என்று சொல்லி, ஒரு வெல்டிங் பட்டறைக்காரரோடு மூன்று மாதம் சண்டை போட்டுச் செய்துகொண்ட வண்டி அது. பிரேக்கைக் கைக்குக் கொண்டுவந்த விதத்தையும் சொன்னார். நோட்டை நீட்டியதும் அவரே வாங்கிப் படம் போட்டார். நான் போட்டது தப்பாம்.

"அந்த இரண்டாவது ஸீட்டு?"

"பொண்ணுக்கு. பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடணுமே."

நேரமாகிவிட்டது, மத்திய பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டும் என்றேன். "ஏறுங்க" என்றார். ஏறினேன். எனக்காகவே முதலில் பத்தடி பின்னால் ஓட்டிக் காட்டினார். டீக்கடைக்காரர் பாய்லரைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, பாத்து!" என்று கூவினார்.

சாலையில் போகும்போதுதான் கவனித்தேன், எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். சிலர் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள். என் கால்களை மடக்கிக்கொள்வதா நீட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. நடக்க முடிந்தவன்தான் என்று யாருக்காவது சொல்ல வேண்டும்போல ஒரு அவஸ்தை; சொல்லவே வெட்கமாக இருக்கிறது. சிக்னலில் நின்றபோது பக்கத்து மோட்டார் சைக்கிளில் ஒரு பையன் செல்போனைத் தூக்கி எங்களைப் படம் பிடித்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவர் ஹாரனை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பையனைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, ரிவர்ஸ்கூட இருக்கு!"