ஸ்டோரில் மிஞ்சும் பால்

பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் செம்பனைக்கு முன்னால் ரப்பர் இருந்த காலம் என்று வைத்துக்கொள்வோம். பால் ஸ்டோரில் இரண்டு தராசு, இரண்டு கிராணி, ஒரே பேரேடு. கணவனும் மனைவியும் வெட்டிய பால் ஒரே பெயரில் ஏறுகிறது. பழைய மொத்தம் 40 கிலோ. இரண்டு கிராணிகளும் ஒரே நேரத்தில் அந்த 40-ஐப் பார்க்கிறார்கள். ஒருவர் கணவனின் 5 கிலோவைக் கூட்டி 45 என்று எழுதுகிறார். மற்றவர் மனைவியின் 3 கிலோவைக் கூட்டி, அதன் மேலேயே 43 என்று எழுதுகிறார். யாரும் திருடவில்லை, யாருக்கும் கூட்டல் தெரியாமலும் இல்லை. ஆனாலும் 5 கிலோ காணோம்.

மனிதர் என்றால் 45-ஐப் பார்த்ததும் கை நின்றுவிடும். கணினி திரும்பிப் பார்க்காது. இதைத்தான் ரேஸ் கண்டிஷன் என்கிறோம்.

இந்தப் பிழை வெட்டுக்காரருக்குக் கூடுதலாக எழுதவே எழுதாது, குறைத்து மட்டும்தான் எழுதும். ஸ்டோரில் பால் மிஞ்சும். மிஞ்சினதை யாருங்க தேடப் போறாங்க?

பொறியாளர் கூட்டங்களில் "லட்சத்தில் ஒரு தடவைதான் நடக்கும்" என்று ஒரு குரல் கேட்கும். பெரும்பாலும் அது பொய்யான கணக்கு இல்லை. அந்த ஒரு தடவை யார் வாளியில் விழும் என்பதுதான் அந்தக் கணக்கில் இல்லை.

லினக்ஸ் கெர்னலில் 'டர்ட்டி கவ்' என்ற பிழை இருந்தது. படிக்க மட்டுமே அனுமதி உள்ள கோப்பில் ஒருவர் எழுத முயன்றால், கெர்னல் அவருக்குத் தனி நகல் எடுத்துக் கொடுக்கும். நகல் எடுப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே ஓர் இமைப்பொழுது. அதற்குள் இன்னொரு இழை அந்த நகலைத் தூக்கிப் போட்டால், எழுத்து அசல் கோப்பிலேயே விழும். சாதாரணப் பயனர் முழு இயந்திரத்துக்கும் எஜமானாகிவிடலாம். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இலேயே இதற்கு ஒரு திருத்தம் போட்டார். எஸ்390 என்ற ஐபிஎம் பெருங்கணினியில் அது சிக்கல் தந்ததால் விலக்கப்பட்டது. சிறுபான்மைக் கணினி ஒன்றுக்காக விட்டுக்கொடுத்ததை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஓட்டை அங்கேயே கிடந்தது, ஏட்டளவுப் பிழையாக. தாக்குபவருக்கோ 'அபூர்வம்' ஒரு தடையே இல்லை. விழும்வரை சுற்றிச் சுற்றி முயல நிரலுக்குக் கை வலிக்காது. தன் சேவையகத்தில் நடந்த ஊடுருவலைத் துருவியபோது ஃபில் ஓஸ்டர் இதைக் கண்டார். திருத்தம் வந்தது 2016 அக்டோபரில். தன் பழைய முயற்சி மோசமானது என்று டோர்வால்ட்ஸ் அந்தத் திருத்தக் குறிப்பிலேயே எழுதினார்.

எல்லாவற்றையும் பூட்டிவிட்டால் என்ன? லினக்ஸ் அதையும் செய்து பார்த்தது. கெர்னல் முழுவதற்கும் ஒரே பெரிய பூட்டு. ஒருவர் உள்ளே இருந்தால் மற்ற எல்லாரும் பெரட்டுக்களத்தில் நிற்பதுபோல் நிற்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, 2011-இல்தான் அதை முழுதாக எடுத்தார்கள். காத்திருப்பதும் ஒருவகை இழப்புதான், எல்லாருக்கும் பங்கு போட்ட இழப்பு.

2020-இல் கேசிசான் என்ற கருவி கெர்னலில் சேர்ந்தது. ஓர் இழை நினைவகத்தைத் தொடும்போது அதை வேண்டுமென்றே கொஞ்சம் நிறுத்தி, அதே இடத்தில் வேறு கை படுகிறதா என்று பார்க்கும். மிஞ்சின பாலைத் தேடிப்போகிற கிராணி. அது காட்டுவதில் சிலவற்றை 'இருந்தால் பரவாயில்லை' என்று நிரலிலேயே குறியிட்டு விடவும் முடியும். யார், எந்தத் தேதியில் அந்தக் குறியைப் போட்டார் என்பதை எவரும் எடுத்துப் பார்க்கலாம்.