யார் மேல் தப்பு?



கல்லறைத் திருநாளன்று கல்லறைகளை மந்திரித்துக்கொண்டு வரும்போது, சில இடங்களில் கால் நகர மறுக்கும். சிலுவையில் எழுதிய பிறப்புக்கும் இறப்புக்கும் நடுவே இருபது வருடம்கூட இருக்காது. பைக்கில் போன பிள்ளை. அம்மா கல்லறையைக் கழுவி, செவ்வந்திப் பூ பரப்பி, மெழுகுதிரி அணையாதபடி கையால் மறைத்து நிற்பார்.

நவம்பர் மூன்றாம் ஞாயிறான இன்று, சாலை விபத்தில் இறந்தோரையும் காயமுற்றோரையும் உலகமே நினைவுகூர்கிறது. ஐ.நா. பொதுச்சபை 2005இல் இந்நாளை ஏற்றது. 2022இல் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள்.

துக்க வீட்டுக்குப் போகும் நாம் முதலில் என்ன கேட்கிறோம்? யார் மேல் தப்பு? ஹெல்மெட் போட்டிருந்தானா? குடித்திருந்தானா? 'என்ன பாவமோ' என்றுகூடச் சிலர் சொல்லிவிடுகிறோம். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டார்களே, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று ஆண்டவர் கேட்டார். இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்களைத்தான் மனம் மாற அழைத்தார். ஆகவே பெற்றோரே, உங்கள் பிள்ளையின் சாவு கடவுள் கொடுத்த தண்டனை அல்ல. மகனைச் சிலுவையில் பறிகொடுத்த மரியன்னை உங்கள் பக்கத்தில் நிற்கிறார்.

விபத்தில் வண்டி ஓட்டியவரும் நம் நடுவே இருக்கலாம். சட்டம் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். பிறகு ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வாருங்கள். இறைவனின் இரக்கத்துக்கு வெளியே எவரும் இல்லை.

எரிகோ சாலையில் குற்றுயிராய்க் கிடந்தவரை நல்ல சமாரியர் சத்திரத்தில் சேர்த்ததோடு விடவில்லை. இரண்டு தெனாரியம் கொடுத்தார். கூடச் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னார். நாமோ ஆம்புலன்ஸ் போனதும் மறந்துவிடுகிறோம். காலில் கம்பி வைத்த சகோதரர் முழந்தாளிட முடியாமல் கடைசி வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் வேலைக்குப் போய் எத்தனை மாதமாயிற்று என்று நமக்குத் தெரியுமா? அவருக்கு நாம் திரும்பி வரும் சமாரியரா?

அடிபட்டவரைத் தூக்கினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே என அஞ்சாதீர்கள். உதவுகிறவர் தம் பெயரைக்கூடச் சொல்லக் கட்டாயமில்லை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமே அவருக்குப் பாதுகாப்பு. 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை நம் தமிழ்நாடு அரசு இலவசமாகத் தருகிறது. அதற்குப் பின்வரும் மாதங்கள்தான் நம் பொறுப்பு.

அன்பானவர்களே, இந்த வாரம் ஒவ்வொரு அன்பியத்தினரும் விபத்தில் அடிபட்டவர் வீட்டுக்கோ, ஒருவரை இழந்த வீட்டுக்கோ போய் வாருங்கள். தப்பு யார் மேல் என்று கேட்காதீர்கள். 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேளுங்கள். வண்டியை நிதானமாக ஓட்டிப் போங்கள். இறந்த நம் சகோதரர்களுக்கு ஆண்டவர் நித்திய இளைப்பாற்றியை அளிப்பாராக. ஆமென்.