சிறையின் நீளம்

2012 டிசம்பரில் தில்லியில் ஓடும் பேருந்தில் ஒரு மாணவிக்கு இழைக்கப்பட்ட கொடுமையைக் கேட்டு நம் நெஞ்சம் கொதித்தது. பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்த நமக்கு, பணி முடிந்து இருட்டிய பின் திரும்பும் மகளைப் பேருந்து நிறுத்தத்தில் எதிர்நோக்கி நிற்கும் அச்சம் பழகிய ஒன்று. "இத்தகையோரைச் சாகும்வரை சிறையில் அடையுங்கள்" என்று அன்று நாமும் கூறினோம். அதற்காக நாணவில்லை.

சட்டமும் அத்திசையிலேயே நடந்தது. பாலியல் வன்கொடுமைக்கு 7 ஆண்டாக இருந்த குறைந்த அளவுத் தண்டனை 2018-இல் 10 ஆண்டாக உயர்ந்தது. ஆயுள் தண்டனை என்றால் 14 ஆண்டு என நம்மில் பலர் எண்ணுகிறோம், அது பிழை. ஆயுள் என்பது ஆயுளே என உச்ச நீதிமன்றம் 1961-இலேயே கூறிவிட்டது. கொலை போன்ற கொடுங்குற்றங்களில் அதற்கு முன் விடுவிக்கலாகாது என 1978-இல் வகுத்த வரம்புதான் அந்த 14. அதனையும் கடந்து, இத்தனை ஆண்டுவரை குறைப்பே இல்லை என விதிக்கும் வழி 2008-இல் பிறந்தது. 2015-இல் அரசியல் சாசன அமர்வு அதனை உறுதி செய்தது.

ஆகவே நீண்ட தண்டனைக்கு இந்நாட்டில் பஞ்சமில்லை, பஞ்சம் தீர்ப்புக்கே. சாட்டப்பட்ட குற்றத்துக்குரிய உச்சத் தண்டனைக் காலத்தையும் கடந்து, விசாரணையே முடியாமல் பீகார்ச் சிறைகளில் கிடந்தோரின் அவலத்தை 1979-இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கு வெளிக்கொணர்ந்தது. 2022-இலும் இந்தியச் சிறைகளில் இருந்தோருள் ஏறத்தாழ நான்கில் மூவர் விசாரணைக் கைதிகளே. நம்மைப் போலவே பிழைக்க வேற்றூர் புகுந்தவன் கோவலன். பாண்டியன் செங்கோல் வளைந்தது தண்டனை போதாமையாலா? விசாரியாமையால் அன்றோ!

குற்றத்துக்குத் துணிபவன் பத்தாண்டா, இருபதாண்டா என்று கணக்கிடுவதில்லை. அகப்படமாட்டோம் என்றே நம்புகிறான். தண்டனையின் கடுமையைவிட அது தப்பாது வரும் என்பதே குற்றத்தைத் தடுக்கும் என 1764-இலேயே எழுதினார் இத்தாலிய அறிஞர் பெக்காரியா. எல்லோரும் திருந்துவர் என நாம் கூறவில்லை. வெளியே விடலாகாதவரும் உளர். அதனை 14 ஆண்டு கழித்து, அம்மனிதனை நேரிற் கண்டு முடிவு செய்யலாமே? இன்றைய சினம் முப்பது ஆண்டுக்குப் பின் இருக்கப்போகும் மனிதனை எவ்வாறு அறியும்?

இதனைக் கேட்ட சங்க அன்பர் ஒருவர், "உம் வீட்டில் நேர்ந்தால்?" என்றார். நேர்ந்தால் நாமும் நீண்ட தண்டனையையே கேட்போம், ஐயமில்லை. ஆயினும் அன்றும் வழக்கறிஞரிடம் நாம் முதலில் வினவுவது, தீர்ப்பு வர எத்தனை ஆண்டு ஆகும் என்பதாகவே இருக்கும்.